கன்னொறுவ ஜீன் பேங்கா, எங்கட வட்டையா?

பச்சப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் மாதிரி பழைய நெல்லுகள எங்க வச்சுக் காப்பாத்துற எண்டு கேட்டா ரெண்டு வழி இருக்கு, ஒண்டு கண்டிக்குப் பக்கத்துல கன்னொறுவையில 1988ல தொடங்கின தாவர மரபு வள நிலையம், அதாவது விதைகளச் சேத்து வைக்கிற ஜீன் பேங்க், மத்தது எங்கட மட்டக்களப்பு, அம்பாறை வயல் வட்டையிலயே வருசா வருசம் விதைக்கிற.

ஜீன் பேங்க்ல விதைய நல்லாக் காயவச்சு, காத்துப் புகாம அடைச்சுக் குளிர்ல வைக்கிற, சர்வதேச அளவுப்படி நீண்ட காலத்துக்கெண்டா மைனஸ் 18 டிகிரி, பல வருசம் கழிச்சும் முளைக்கும். 1990ல சண்டைக்குப் பயந்து சனம் உயிரக் கையில புடிச்சிட்டு ஓடக்க வீட்டுல கிடந்த விதநெல்ல ஆரு கொண்டு போன? அப்பிடியான நேரத்துக்கு பேங்க்தான் தஞ்சம், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல.

ஆனாலும் என்ட மனசு வட்டைப் பக்கம்தான். குளிர்ல கிடக்கிற விதை வெளியில நடக்கிற ஒண்டையும் பாக்காது. வாவிக்கரையில உவர் ஏறுது, மாரில வெள்ளம் நிக்குது, புதுசு புதுசாப் பூச்சி வருது, இதெல்லாம் தாங்கி நிண்ட கதிராப் பாத்து விதைக்கு ஒதுக்குற வேலை வயலுக்க இறங்கினவராலதான் ஏலும். கரைச்சல் என்னெண்டா பக்கத்து வயல்ல புது இனம் ரெண்டு மடங்கு குடுக்கக்க இவர் நட்டப்பட்டு எத்தின போகம் விதைப்பார், நாமதான் அந்த அரிசிய நல்ல விலைக்கு வாங்கோணும்.

நெல்லு மட்டுமில்ல, மாடு, எருமைட விந்த மைனஸ் 196 டிகிரி திரவ நைதரசன்ல வைக்கலாம், பயறுச் செடிட வேர்ல இருக்கிற வேர்முடிச்சு பக்டீரியாவையும் லேப்ல உறையவைக்கலாம், ஆனா பலாக்கொட்டையக் காயவச்சா செத்துப்போகும், அதுக்கு வளவுல மரமா நிண்டாத்தான் சரி.