மடு திருவிழாக் கடைச் செபமாலைகள்: எதை வாங்கலாம், எதற்கு வாங்கலாம்

யூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாக்களுக்கு மன்னார் மாவட்டத்து மடு மாதா திருத்தலத்தில் போடும் கடைகளில், கத்தோலிக்கர் மணி எண்ணிச் செபிக்கும் செபமாலைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். கண்ணாடி மணி, மரமணி, பிளாஸ்ரிக், இருட்டில் மினுங்குவது, நூலில் முடிச்சுப் போட்டது, விரலில் மாட்டும் வளையம் என்று பல வகை. கை முதலில் போவது கண்ணாடி மணிக்குத்தான். எங்கள் தெரிவு, ஓரத்தில் யாரும் பாராமல் கிடக்கும் முடிச்சு மாலை. சந்தோஷமான நாளில் எந்த மாலையும் உருளும். சந்தோஷம் வற்றிய நாளிலும் கையில் நிற்கவேண்டிய பொருள் இது. கிறிஸ்தவ விசுவாசம் மகிழ்ச்சி என்று சொல்வதும் அந்த நாளையும் சேர்த்துத்தான்.

வாங்க முதல் எண்ணிப் பாருங்கள். மொத்தம் 59 மணி: சிறியவை 53, பெரியவை 6. பத்துச் சிறிய மணி கொண்ட ஒரு பிரிவுக்குப் ‘பத்து’ என்று பெயர், மலிவு மாலைகளில் ஒரு பத்தில் 9 அல்லது 11 மணி கோத்திருப்பதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருட்டுங்கள். பெரிய மணிக்கு முன்னும் பின்னும் இடைவெளி தட்டுப்படாவிட்டால் இருட்டில் செபிக்க உதவாது. மணி 8 மில்லிமீற்றர் இருந்தால் வயதானவர் கைக்கும் பிடிபடும்.

கண்ணாடி மணி மாலை அறுவது மணியில் அல்ல, கம்பி வளையத்தில். மூன்று இழையும் வந்து சேரும் பதக்கத்தடியில்தான் இழுவை அதிகம். வளையத்தின் வாய் சரியாகப் பொருந்தாமல் இருந்தால் அங்கேயே விரியும். சின்னக் குறடு இருந்தால் வீட்டிலேயே நெருக்கிவிடலாம். மேற்பூச்சு வன்னி வெயிலின் வியர்வைக்குத் தாங்காமல் கறுக்கும். சாயம் பூசிய மரமணி நனைந்தால் கையில் ஒட்டும். பிளாஸ்ரிக்கில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் உள்ள இயேசுவின் உருவம்) பசையால் ஒட்டியதா, ஆணி அடித்ததா என்று பாருங்கள். ஒட்டியது கழன்றுவிடும். முடிச்சு மாலையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கடைசி முடிச்சை மட்டும் நெருப்புக்குச்சியால் இலேசாக உருக்கிவிடுங்கள், அதுவும் நைலோன் நூலாக இருந்தால் மட்டும்.

இனி, அதைக் கொண்டு செய்யும் வேலை. ஒவ்வொரு பத்துக்கும் இயேசு, மரியாள் வாழ்வின் ஒரு நிகழ்வை நினைத்துச் செபிப்பது வழக்கம், அவற்றை மறையுண்மைகள் என்பார்கள். திங்களும் சனியும் சொல்வது மகிழ்ச்சி மறையுண்மைகள் ஐந்து. பெயரைக் கேட்டு ஐந்தும் இனிக்கும் என்று நினைப்பவர்கள் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு செபிக்கவேண்டும். முதலாவதில் தூதரின் வாழ்த்தைக் கேட்டு மரியாள் கலங்குகிறார். இரண்டாவதில் எலிசபெத்தின் வயிற்றுக் குழந்தை துள்ளுகிறது, ஐந்தில் ஓரளவு கலப்பில்லாதது அதுதான். (மடுவின் யூலை 2 பழைய நாட்காட்டியில் அந்தச் சந்திப்பின் திருநாள். 1969இல் அது மே 31க்கு மாறியது, மடுத் திருவிழா பழைய நாளிலேயே நிற்கிறது.) மூன்றாவதில் விடுதியில் இடமில்லை, பிள்ளை தீவனத்தொட்டியில். மூன்று வசனம் கழித்து இடையருக்குப் பெருமகிழ்ச்சிச் செய்தி வருகிறது. தறப்பாளுக்குள் பிள்ளை பெற்ற தாய்மார் வாழும் மண்ணில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நான்காவதில் பிள்ளையை ஆலயத்தில் ஒப்புக்கொடுக்க ஏழைகளின் காணிக்கையான இரண்டு புறாக்கள், பிறகு தாயின் உள்ளத்தை ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் சொல்லும் வாள்.

ஐந்தாவது, மூன்று நாள் காணாமற்போன 12 வயதுப் பிள்ளை. காணாமற்போனவரைத் தேடும் வீடுகளில் இந்தப் பத்து மணி இலகுவில் உருளாது. அங்கே முன்செபம் சொல்பவர் (செபத்தின் முன்பாதியைச் சொல்லி நடத்துபவர்) ஆலயத்தில் கண்டடைந்ததற்கு அவசரப்பட்டு ஓடாமல், தேடிய மூன்று நாளில் நின்று செபிப்பதே முறை.

குளம் நிரம்பி, நெல்லுக்கு விலை வந்தால் வருவது சந்தோஷம். அதைக் குறைத்துப் பேசவேண்டாம், நன்றி சொல்லவேண்டிய விடயம். ஆனால் குளம் வற்றினால் அதுவும் வற்றும். அபக்கூக்கு 3:17–18 வயல் விளையாமல், தொழுவத்தில் மாடில்லாமல் நின்றுகொண்டு ஆண்டவரில் மகிழ்வதைச் சொல்கிறது. கமக்காரருக்கு வேறு உரை தேவைப்படாது. யாரும் பறிக்கமுடியாத மகிழ்ச்சி என்று இயேசு சொன்னதும் (யோவான் 16:22) பிடிபடப்போகும் இரவில். அந்த மகிழ்ச்சி நடந்த காரியத்தில் அல்ல, கூட இருப்பவரில் ஊன்றியது. அதனால் கண்ணீரும் அதுவும் ஒரே வீட்டில் இருக்கமுடியும். அழுகிறவரிடம் போய் விசுவாசம் போதாது என்று சொல்லும் வழக்கம் சில கூட்டங்களில் உண்டு. லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து பத்தும் சொல்ல 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். மனம் ஒட்டாத நாளில் ஒரு பத்து போதும். அதற்குரிய ஒரு வசனத்தை வாசித்து, ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள். உணர்ச்சியை வரவழைக்க முயன்றால் களைப்புத்தான் மிஞ்சும். கூட்டமாகச் சொல்லும்போது கெடுவது வேகத்தால்: முன்பாதி முடியமுதல் பின்பாதி தொடங்கிவிடும். முன்செபம் சொல்பவர் ஒரு கணம் பொறுத்தால் மற்றவர்களும் பொறுப்பார்கள்.

மந்திரித்தது (ஆசீர்வதித்தது) என்று சொல்லி விற்றால் வாங்கவேண்டாம். வாங்கிய பிறகு சுவாமியிடம் (குருவானவரிடம்) கொடுத்து மந்திரிப்பதுதான் ஒழுங்கு. திருத்தமுடியாமல் அறுந்ததைக் குப்பையில் போடாமல் எரியுங்கள் அல்லது புதையுங்கள். வளையச் செபமாலையில் பத்து மொட்டும் ஒரு சிலுவையும்தான், பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்குப் பரவாயில்லை. கொஞ்சம் தளர்வாகப் பார்த்து எடுங்கள், வெயிலில் விரல் வீங்கும்.