பள்ளத்து அறைக்கு வாட்டர்புரூப்: தரை ஓகே, செவருதான் உயிரை எடுக்குது

கல்முனையில இருக்கிற கூட்டாளி ஒருத்தன் "மச்சான், உங்கட புளியந்தீவு வீட்டுக்கு அடிச்ச வாட்டர்புரூப் எப்பிடிப் போகுது, எங்கட பழைய வீட்டுக்கும் அடிப்பமா" எண்டு கேட்டான். வொய்ஸ்ல சொல்லி முடியாது, அதான் எழுதுறன்.

எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஆரும் நிலத்துக்குக் கீழ அறை வெச்சுக் கட்டுறதில்ல. ஆனா ரோட்டுப் போடுற ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலயே கொட்டி உயர்த்தி, பக்கத்து வளவுக்காரரும் கிரவல் போட்டு நிரப்பி, எங்கட ரோட்டோர அறை தன்பாட்டுல பள்ளத்துக்குள்ள போயிட்டு. மாரி வந்தா கிணத்துத் தண்ணி கட்டுக்குக் கிட்ட நிக்கும், வாவியும் முட்டிரும், வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுற வரைக்கும் வடியாது. அந்த நேரம் தரையும் செவரும் சேர்ற மூலையால தண்ணி ஊறி வரும், நெல்லு மூட்டையைத் தூக்கி வாங்குல வெக்கிறதுதான் எங்கட கார்த்திகை மாச வேலை.

2023ல அடிச்சம். பவுடரும் வெள்ளைத் தண்ணியுமா ரெண்டா வாற சீமெந்துச் சாமான்தான், எல்லா ஹாட்வெயார்லயும் கிடைக்கும். சும்மா பெயின்ட்டு உள்பக்கத்தால அடிச்சா, பின்னால இருந்து தண்ணி தள்ளேக்க தோல் உரிஞ்சு வந்திரும், இது கல்லோட பிடிச்சுக்கும். பழைய பூச்சை மூணு அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, மூலை முழுக்கச் சாந்தால சரிவா உருட்டி, செவரை நனைச்சு, ஒரு கோட்டு நெடுக்க, அது இறுகினாப்புறகு மத்தக் கோட்டு குறுக்க. தரைக்கும் அதேதான், மேல ஒரு சீமெந்துப் பூச்சு.

தரையைப் பத்தி ஒரு குறையும் சொல்லேலாது. 2025 கார்த்திகையில டித்வா புயல் வந்து கிழக்கையே புரட்டின நேரம் வெளியால முத்தத்துல தண்ணி நிக்குது, உள்ளுக்க நான் வெறுங்காலோட நடந்து பாக்குறன், ஈரமே இல்ல! அந்தப் பூஞ்சண மணமும் போயிட்டு, மூட்டை எல்லாம் இப்ப தரையிலதான் கிடக்கு. (அதே நேரத்துல கூரைப் பீலியையும் மாத்தி மழைத் தண்ணியை அத்திவாரத்துல விழாம அங்கால திருப்பினம், பாதிப் புண்ணியம் அந்தப் பீலிக்குத்தான் எண்டு அம்மா இண்டைக்கும் சொல்லுவா, அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.)

ஆனா அந்த உப்பு! மூணு அடியோட கோட்டு முடியுதா, அதுக்கு மேல ஒரு சாண் அகலத்துக்குச் செவரு நீளத்துக்கும் வெள்ளையாப் பூத்து, பெயின்ட்டு கொப்பளிச்சு உதிர்ந்து, தரையெல்லாம் கோதம்ப மா கொட்டின மாதிரி கிடக்கும், காலையில கூட்டினா பின்னேரம் திரும்பவும் கிடக்கும். முந்தி இந்த அறையில உப்பு இல்லாம இல்ல, அங்கங்க கொஞ்சம் உதிரும், ஆரும் கணக்கெடுக்கல்ல. பழைய ஆக்கள் கட்டினது சுண்ணாம்புச் சாந்து, கீழ ஈரம் மேல ஏறாமத் தடுக்கிற டீபீசி எண்ட அடுக்கு ஒண்டும் இல்ல, நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதைச் செவரு முழுக்கப் பரவலாக் காய விட்டிரும். இப்ப நாம கீழ இறுக்கி அடைச்சிட்டம், ஈரம் என்ன திரும்பியா போகும், அந்தப் பூச்சுக்குப் பின்னாலயே ஏறி முதல் கிடைச்ச இடத்தால வெளிய வருது. தண்ணி காஞ்சிரும், அதோட வந்த உப்பு செவருல நிண்டு பெயின்ட்டைத் தள்ளும். வாவிக் கரை மண்ணுல உப்புக்கு என்ன பஞ்சம்?

பூச்சு வேலை செஞ்ச மேசன் பாஸ்கிட்டச் சொன்னா "இன்னும் ரெண்டு அடி மேல அடிப்பம் சேர்" எண்டுறார். அடிச்சா அஞ்சு அடியில பூக்கும், அவ்வளவுதான். மேல் பெயின்ட்டைச் சுரண்டிப்போட்டு வெறும் சுண்ணாம்பு அடிச்சுப் பாத்தம், கொப்பளம் நிண்டுட்டு, தூள் நிக்கல்ல. தையல் மெசினுக்கு மேல சீலை போட்டு மூடி வெச்சிருக்கா மனுசி, தைக்கிற நேரம் மட்டும் எடுப்பா, எடுக்கேக்க என்னையும் ஒரு பார்வை பாப்பா.

இப்ப நீ கேட்டா, இண்டைக்குக் காலையிலயும் கூட்டிப்போட்டு வந்து இருக்கிற ஆள் சொல்றன், அடிக்காத மச்சான், காசு தண்டம். நீ அந்த டித்வா நேரம் கேட்டிருந்தா வேற மாதிரிச் சொல்லி இருப்பன், அது வேற கதை. முதல்ல பீலியைப் பாரு, வளவுச் சரிவை வெளிப்பக்கமாத் திருப்பு, ஒரு மாரி போகட்டும். அதுக்குப் புறகும் தரையால வந்தா தரைக்கும் மூலைக்கும் மட்டும் அடி, செவருல அரை அடிக்கு மேல ஏறாத, மிச்சத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிஞ்ச வயசான மேசன் ஆரையும் தேடு. வேலையைச் சித்திரைக்குப் புறகு வெச்சுக்கொள், அப்பதான் செவரு கொஞ்சமாவது காஞ்சிருக்கும். "இண்டைக்குப் பூசி நாளைக்குப் பெயின்ட்" எண்டு சொல்ற பாஸ் வந்தா தேத்தண்ணி குடுத்து அனுப்பு.