பிளாஸ்டிக் பேவர் கல் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

64,000 ரூபாய் போச்சு. அடுத்தவராவது தப்பிக்கட்டும் என்று கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்துக்குக் கல் பதிக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கழிவை உருக்கி, மணல் கலந்து பேவர் கல் அடிக்கும் ஒரு பட்டறைக்கு விளம்பரம் பார்த்துப் போனேன். அங்கிருந்தவர் சாம்பிள் கல்லைத் தரையில் ஓங்கிப் போட்டார், விளிம்புகூடச் சிதறவில்லை. தண்ணீர் ஊற்றினார், உள்ளே இறங்கவில்லை. அப்புறம் சொன்னார்: "மதுரை தியாகராசர் காலேஜ் வாசுதேவன் சார் பிளாஸ்டிக் ரோடுக்கு பத்மஸ்ரீ வாங்கினாரே, அதே டெக்னாலஜிதான் சார்." 2018-இல் அந்த விருதுச் செய்தியைப் படித்துப் பெருமைப்பட்டவன் நான். அந்தப் பெயரை நம்பித்தான் முழுப் பணத்தையும் கட்டினேன்.

அதே டெக்னாலஜியாம்! ரோட்டுக்குச் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவி, அது மெல்லிய படலமாக ஒட்டியதும் தார் கலக்கிறார்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் 2013 வழிகாட்டிப்படி தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம்தான் பிளாஸ்டிக். பி.வி.சி. சேர்க்கவே கூடாது. இந்தக் கல்லிலோ சிமெண்டே கிடையாது. மணலைப் பிடித்து வைப்பதே பிளாஸ்டிக்தான். அதைத் தரம் பிரிக்காமல் அள்ளிப் போட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்?

வெயில் ஏறியதும் டயர் நின்ற இடமெல்லாம் பள்ளம். ஓரக் கற்கள் வளைந்து தூக்கிக்கொண்டன. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளி நிற பிஸ்கட் கவர் அப்படியே மடிந்து கிடக்கிறது, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலின் கழுத்து உருகாமல் முழுசாக. கேரி பேக் 110 டிகிரி வாக்கில் உருகிவிடும், பாட்டில் உருக 250 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே கொப்பரையில் போட்டிருக்கிறார்கள். எனக்குக் காட்டிய சாம்பிள் நிச்சயமாக இந்தக் கலவை இல்லை.

போன் செய்தால் முதலில் "தளம் சரியா போடலை சார்" என்றார்கள். தளத்தின் போட்டோ அனுப்பினேன். "வெயில்ல எந்தக் கல்லும் சூடாகத்தான் செய்யும்." உடைந்த கல்லின் போட்டோ அனுப்பினேன். "ஓனர் வெளியூர்ல இருக்கார்." அதோடு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 64,000 ரூபாய் வாங்கும்போது இதே ஓனர்தான் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். பில்லில் வெறும் "கல்" என்றுதான் இருக்கிறது, அதில் என்ன பிளாஸ்டிக் என்று ஒரு எழுத்து இல்லை.

விவரமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சாம்பிளை நம்பாதீர்கள், இறங்கிய லோடிலிருந்து நீங்களே ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். ஐ.எஸ். 15658 சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள், அது கான்கிரீட் கல்லுக்கான தரம். முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பெயர்த்த கல்லை எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், பி.வி.சி. கலந்திருந்தால் வருவது நச்சுப் புகை.