நான் புகார் கொடுத்த நாய் வாசலுக்கே வந்தது

நகராட்சி வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் நான் யாரைப் பற்றிப் புகார் கொடுத்தேனோ அதே செவலை குதித்து இறங்கியது. காதில் ஒரு சின்ன வெட்டு, மற்றபடி முன்னைவிடத் தெம்பாகவே இருந்தது. நேராகப் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் போய் வாலை ஆட்ட, அவர் "வந்துட்டியாடா" என்று பிஸ்கட் எடுத்து வந்தார்.

சென்னையிலிருந்து கிளம்பும் ராத்திரி பஸ் நம்மை எந்த நேரத்தில் இறக்கிவிடும் என்று உங்களுக்கே தெரியும். சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தபோது, அந்த இருட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த தெருவுக்குச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சிமெண்ட் ரோட்டில் அது போட்ட கடகட சத்தத்துக்கு ஒரு கூட்டமே எழுந்து துரத்தியது, செவலை முன்னால். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். தோள்பையோடு வந்த காலத்தில் எந்த நாயும் நம்மைச் சட்டை செய்ததில்லை.

புகார் கொடுத்தேன். லீவு முடிந்ததுமே வண்டி வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வலை போட்டுப் பிடித்து, கழுத்தில் எண் போட்ட பட்டை மாட்டி ஏற்றினார்கள். சின்ன வயதில் பார்த்த கம்பிச் சுருக்கு எங்கே, இது எங்கே! அப்போது போன நாய் திரும்பாது. குடும்ப வாட்ஸப் குரூப்பில் நம் ஊரைப் பெருமையாக நாலு வரி எழுதியும் போட்டேன்.

அப்புறம்தான் இந்தத் திருப்பி அனுப்பல்.

"எங்க பிடிச்சோமோ அங்கயே விடணும் சார், அந்தப் பட்டையே அதுக்குத்தான்" என்றார் வண்டிக்காரர். 2023-ஆம் ஆண்டு விதிப்படி கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டுமாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

"இதுவும் பஸ் ஸ்டாண்டு நாய்தானே?"

"பிடிச்சது உங்க வாசல்ல சார்."

பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்துவிட்டு, ராத்திரிக்கு மட்டும் எங்கள் தெருவுக்கு வருகிற நாய் அது! சரி, அங்கேயே பிடித்திருந்தால் எந்தக் காப்பகத்துக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் நாய் வளர்ப்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். வருடக் கட்டணம் கருத்தடை செய்த நாய்க்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் அனுமதித்த இனத்தில் ஒரே ஒரு நாய்தான். இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். "இது யாரு நாய்னு லைசென்ஸ் எழுதுவ?" என்று கேட்டார். தெருவே சோறு போடுகிறது. சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்கச் சொல்லியும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, எங்கள் தெருவில் அந்த இடம் சித்தி வீட்டுத் திண்ணை.

சிங்கப்பூரிலும் 2018-லிருந்து தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வீடு கிடைக்காதவற்றைத் திரும்ப விடுகிறார்கள் என்று என் மனைவி வேறு நினைவுபடுத்தினாள். இருக்கட்டும். அங்கே என் பெட்டியை எதுவும் துரத்தவில்லை.

நம் தெருக்காரர்கள் யாராவது அடுத்து புகார் கொடுப்பதாக இருந்தால், வண்டி மதிய நேரத்தில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது செவலை பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுக்கு அடியில்தான் படுத்திருக்கும். சித்திக்கு மட்டும் தெரிய வேண்டாம்.