கொடைப் பணத்தில் படம்: குமரிக்கு எந்த வழி பொருந்தும்?

அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்த ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் கதைப்படமான ‘விகதகுமாரன்’ எடுப்பதற்காகத் தம் நிலத்தை விற்றார். படம் அவரைக் கடனாளியாக்கியது. பின்னர் பல் மருத்துவத்தால் பிழைத்தார். கேரள அரசின் உயரிய திரைப்பட விருது 1992 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகிறது என்பது வேறு செய்தி. குமரி மாவட்டத்தில் சுயாதீனப் படம் எடுக்கக் கிளம்பும் இளைஞரிடம் யாரேனும் ஒரு மூத்தவர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

நிலத்தை விற்காமல், வட்டிக்கு வாங்காமல், திருப்பித் தர வேண்டாத நன்கொடையில் படம் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் ஊரார் தரும் நூறு ரூபாயும், ஒரு செல்வந்தர் தரும் ஐந்து லட்சமும், அறக்கட்டளை வழியாக வரும் தொகையும், வெளிநாட்டு நல்கையும் ஒரே குணமுடையவை அல்ல. எவ்வளவு வரும் என்பதைவிட, அது படப்பிடிப்புக்கு முன்பு வருமா, கொடுத்தவர் படத்தொகுப்பு மேசை வரை வருவாரா என்ற இரு கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஊர்ப் பணத்துக்கு இங்கே பழைய வேர் உண்டு. தெய்வத்துக்கு எடுக்கும் விழாவையே ‘கொடை’ என்று அழைக்கும் மண் இது. கடற்கரை ஊர்களில் பிடித்த மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கும் வழக்கமும் இருந்துவந்திருக்கிறது. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்காக ஏக்நாத் ரானடே ஒரு ரூபாய் நன்கொடைகளாகவும் நிதி திரட்டினார். திரைப்படத்திலும் முன்மாதிரிகள் உள்ளன. ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்ததால் உருவானது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986) ஒடேசா என்ற மக்கள் திரைப்பட இயக்கம் கேரளத்தில் ஊர் ஊராகச் சென்று சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் எடுக்கப்பட்டது.

இவ்விரண்டையும் ‘மக்கள் பணம்’ என்று ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. குஜராத்தில் உறுப்பினர் பட்டியலும், கணக்கும், நாள்தோறும் பாலுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் ஏற்பாடும் கூட்டுறவிடம் முன்பே இருந்தன. படமும் கூட்டுறவைப் பற்றியதே. ஒடேசாவோ ஒவ்வொரு ரூபாயையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, அதற்கான காலத்தையும் உழைப்பையும் படக்குழுவினரே கொடுத்தார்கள், அதனாலேயே யாருடைய கதையைச் சொல்வது என்ற சுதந்திரமும் அவர்களிடம் இருந்தது. குமரியில் இன்று ரசீதுப் புத்தகத்தோடு இறங்குபவருக்கு வாய்ப்பது இரண்டாவது வழிதான். கொடைவிழாவுக்கு மறுக்காமல் தருபவர்கள் ஆவணப்படம் என்றதும் “தியேட்டர்ல வருமா?” என்று கேட்பார்கள் என்பதையும் எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

இந்த வழியில் பலர் கவனிக்காத ஒரு பள்ளம், பணம் வந்து சேரும் கணக்கு. இயக்குநர் தம் சொந்தக் கணக்கின் க்யூஆர் குறியீட்டைப் பகிர்ந்து பணம் பெற்றால், உறவினர் அல்லாதோரிடமிருந்து அன்பளிப்பாக வரும் தொகை ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது, தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே அவருடைய வருமானமாகக் கருதப்படும். கொடுத்தவருக்கும் வரிச்சலுகை இல்லை. ஒலிப்பதிவாளருக்குச் சம்பளம் கொடுக்க வைத்திருந்த பணம் வரியாகப் போகும்.

அறக்கட்டளை வழி இங்கேதான் உதவுகிறது. உரிய பதிவுகளை உடைய ஓர் அறக்கட்டளை நன்கொடையைத் தன் கணக்கில் பெற்று, தன் நோக்கங்களுக்கு உட்பட்ட படத்தைத் தானே தயாரிப்பதாக ஏற்றுக்கொண்டு, இயக்குநருக்கும் குழுவுக்கும் ஊதியம் வழங்கலாம். 80ஜி என்று நமக்குப் பழகிவிட்ட சலுகையின்படி கொடையாளர் பொதுவாகத் தொகையில் பாதியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 50,000 ரூபாய் கொடுக்கும், 30 சதவீத வரி வரம்பில் உள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 7,500 ரூபாய் மிச்சமாகும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்போருக்கு இந்தக் கழிவே இல்லை என்பதால், ‘வரி மிச்சம்’ என்ற வாதத்தை வைத்தே நன்கொடை கேட்பது நாளுக்கு நாள் பலிக்காமல் போகிறது. உண்டியல் வைத்துப் பெயரில்லாமல் வாங்கும் பணத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட நேரிடும். ஆகவே நூறு ரூபாய்க்கும் பெயர் எழுதிய ரசீது தேவை.

இத்தனை தாள்வேலைக்குப் பிறகும் இவ்வழியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், பணம் படப்பிடிப்புக்கு முன்பே வருகிறது, எந்த ஒரு கொடையாளரும் தனித்துப் பெரியவராக இல்லை என்பதே.

தனிப் புரவலர் வழி இதற்கு நேர் எதிரானது: ஒரே சந்திப்பில் முழுப் பணமும் கிடைக்கும். நான் வேலை பார்த்த ஒரு குளம் பற்றிய ஆவணப்படத்துக்கு வெளிநாட்டில் தொழில் செய்யும் ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார். முதல் தொகுப்பைப் பார்த்தபோது, குளத்தின் மேற்குக் கரையில் தென்னை நின்ற காட்சி ‘படத்தின் ஓட்டத்தைக் கெடுப்பதாக’ அவருக்குத் தோன்றியது. அந்தத் தென்னைகள் அவருடைய சித்தப்பாவின் தென்னைகள். பதினொரு நொடிக் காட்சிக்காக நான்கு மாதம் படம் கிடந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். எழுதி வைக்காத ஒப்பந்தத்தை அவரவர் விருப்பப்படி புரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் நிகர லாபத்தில் 2 சதவீதத்தைக் கேட்கிறது, கலை பண்பாட்டையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆண்டு லாபம் 5 கோடி முதலிய வரம்புகளை எட்டும் நிறுவனங்களுக்கே அது கட்டாயம், அவற்றுக்கும் கட்டடமும் கழிப்பறையும் காட்டுவது எளிது. வெளிநாட்டு நல்கை பெருந்தொகை தரக்கூடியது. என்றாலும் அதைப் பெறும் அறக்கட்டளைக்குத் தனிப் பதிவு வேண்டும். அப்பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும் 15 லட்சம் ரூபாய்ச் செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளைத் தயாரிப்போர் அப்பணத்தைப் பெறவே தடை உள்ளது. மீனவர் பிரச்சினையைப் படமாக்குபவர் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசுப் பணம் நன்கொடை அல்ல என்றாலும் ஒப்பிடாமல் விட முடியவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை நிதி அளித்திருக்கிறது. இந்தப் பக்கம் சிறு முதலீட்டுப் படங்களுக்கான தமிழக அரசின் மானியம் 7 லட்சம். அதுவும் படம் முடிந்த பிறகே. கடன்காரருக்குத் திருப்பித் தர அது உதவலாம், படம் தொடங்க உதவாது.

திரையரங்கை எதிர்பார்க்கும் முழுநீளக் கதைப்படத்துக்கு நன்கொடை கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. லாபம் வந்தால் கொடுத்தவருக்கும் பங்கு வேண்டும். கன்னடத்தில் ‘லூசியா’ (2013) அவ்வாறு பலரை முதலீட்டாளர்களாகச் சேர்த்தே எடுக்கப்பட்டது. ஒக்கிப் புயலில் ஆளிழந்த வீடுகளைப் பற்றியோ, மண் எடுத்துக் குடைந்த மலைகளைப் பற்றியோ நாற்பது நிமிடப் படம் எடுப்பவருக்குத்தான் அறக்கட்டளைக் கணக்கும் ஊர் ரசீதும் பொருந்துகின்றன.

குளப் படத்துக்கு எழுதி வைக்காத ஒப்பந்தத்தை எங்கள் குழு அடுத்த படத்துக்கு ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறது: கணக்கு அறக்கட்டளையிடம், இறுதித் தொகுப்பு இயக்குநரிடம், முதல் திரையிடல் ஊரில். யாராவது படத்தை விலைக்குக் கேட்டால் அப்பணம் எங்கே போகும் என்ற வரியை மட்டும் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்திருக்கிறோம்.