நைட் டூட்டி பார்ப்பவர்களுக்கு இசப்கோல் உமி: வாங்கலாம், தண்ணீர் குடிக்க முடிந்தால்

முக்கியமாக நர்சுகளுக்காக எழுதுகிறேன். மலச்சிக்கலுக்குச் சாப்பிடுகிற இசப்கோல் பற்றி நான் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் காலையில் எழுந்து, வெந்நீர் குடித்து, வீட்டில் நிதானமாக உட்கார நேரம் இருப்பவர்கள் எழுதியவை. இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் போனால் மறுநாள் காலை ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது) முடியும் வரை வெளியே வர முடியாதவர்களுக்கு இது சரிப்படுமா என்று யாரும் எழுதவில்லை. நான் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், பல மாதமாக இதைச் சாப்பிடுகிறேன். சரிப்படும், ஆனால் சாப்பிடும் நேரத்தை மாற்ற வேண்டும்.

வார்டில் ஒவ்வொரு பேஷன்ட்டிடமும் "மோஷன் போனீங்களா" என்று கேட்டு சார்ட்டில் எழுதுகிறோம். இரண்டு நாள் போகவில்லை என்றால் டூட்டி டாக்டரிடம் சொல்லி சிரப் எழுதி வாங்கிக் கொடுக்கிறோம். அதே வார்டில் மூன்று நாள், நான்கு நாள் போகாமல் வயிறு கட்டிக்கொண்டு வேலை பார்க்கிற சிஸ்டர்கள் இருக்கிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை. ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் அப்படித்தான், டீயும் பப்ஸுமாக முப்பது மணி நேரம் ஓட்டுகிற பிஜி (மேல்படிப்பு படிக்கிற) டாக்டர்களும் அப்படித்தான். இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை, வேலையால் வருகிற உடம்புத் தொல்லை.

காரணம் இதுதான். நாம் தூங்கும்போது பெருங்குடலும் அடங்கிக் கிடக்கும், விழித்ததும் அசைய ஆரம்பிக்கும், ஏதாவது சாப்பிட்டதும் இன்னும் வேகமெடுக்கும். அதனால்தான் பலருக்குக் காலை டீ உள்ளே போனதும் வயிறு கூப்பிடுகிறது. நைட் டூட்டியில் முதலில் அந்த நேரக்கணக்கே குழம்பிப் போகிறது, அப்புறம் கூப்பிடுகிற நேரமும் பெரும்பாலும் விடியற்காலையில் ரத்த சாம்பிள் எடுப்பது, ஊசி போடுவது, சார்ட் முடிப்பது என்று கை ஓயாத நேரமாக இருக்கிறது. அடக்கினால் அந்த உந்துதல் கொஞ்ச நேரத்தில் போய்விடும், ஆனால் மலம் உள்ளேயே இருக்கும், இருக்க இருக்க குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கடைசியில் கல்லாகிவிடும். அமெரிக்காவில் மிச்சிகனில் நர்சுகளிடம் ஒரு ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். பகல் ஷிஃப்ட் மட்டும் பார்ப்பவர்களைவிட மாறி மாறி ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஐபிஎஸ் (அடிக்கடி வயிற்றுவலியும் மலம் போவதில் கோளாறும் வருகிற குடல் பிரச்சினை) தொல்லை அதிகம் என்று அதில் வந்தது. எங்கள் ட்யூட்டி ரூமில் பேசுவதைக் கேட்டாலே அது புரியும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். இசப்கோல் என்பது ஒரு சின்னச் செடியின் விதை மேலுள்ள உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது, உஞ்சா, சித்பூர் பக்கம் இதற்கென்றே ஆலைகள் உண்டு, உலகத்துக்கே பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. இது பெரும்பாலும் கரையும் நார். மற்ற பல நார்களைக் குடலில் இருக்கும் கிருமிகள் தின்று காற்றாக மாற்றிவிடும், இது அவ்வளவாக அப்படி ஆகாது, குடித்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை வரும். கெட்டியானதை இளக்குவதும் அதுதான், தண்ணியாகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கிக் கொடுப்பதும் அதுதான்.

எனக்கு உடனே பலன் தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம், அதனால் இன்றைக்குச் சாப்பிட்டு நாளைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று டப்பாவை ஓரம் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் வயிறு உப்பலாக இருந்தது. ஒரு டீஸ்பூனில் தொடங்கி மெதுவாக இரண்டுக்குப் போனேன், உப்பல் அடங்கியது. அதன்பிறகு வந்த மாற்றம் நிஜமான மாற்றம். பிரிஸ்டல் சார்ட் தெரியுமல்லவா, மலத்தை ஏழு வகையாகப் பிரித்து 1997-ல் வெளியானது, அதில் முதல் வகையில் (கெட்டியான சின்னச் சின்ன உருண்டைகள்) இருந்த நான் நான்காவது வகைக்கு (வழுவழுப்பாக, மென்மையாகப் போவது) வந்துவிட்டேன். முக்குவது நின்றது, எரிச்சலும் மலத்தில் வந்த ரத்தக்கோடும் நின்றன. தினமும் போகிறேன் என்று சொல்ல மாட்டேன், நைட் வாரங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். ஆனால் போகும்போது வலி இல்லை.

மாத்திரையைவிட இதை எனக்குப் பிடிக்க ஒரு காரணம் உண்டு. பிசகோடில் என்கிற பேதி மாத்திரை போட்டால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். டூட்டிக்குக் கிளம்பும்போது போட்டால் வயிற்றைப் பிடித்து இழுப்பது சரியாகக் காலை ஹேண்ட் ஓவரில் வரும், நடுவில் ஓடவும் முடியாது. இசப்கோல் அப்படி விரட்டாது.

இப்போது குறை. இதற்குத் தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது 240 மில்லி, அதற்கு மேலே நாள் முழுக்கக் குடிப்பது தனி. கலக்கி வைத்தால் சில நிமிடத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும், கலக்கியதும் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, குடலிலும் அடைத்துக்கொள்ளலாம். நாங்களோ டூட்டியில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம், குடித்தால் பாத்ரூம் போக வேண்டும் என்பதால். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஸ்டாஃப் டாய்லெட் வேறு தளத்தில் இருந்தது, போக வேண்டுமென்றால் பேஷன்ட்டுகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும், இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும். இருக்கிற ஒரு சிஸ்டரும் டிரிப் மாற்றிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் எந்த உமியை விழுங்கியும் பயனில்லை. பத்து நிமிடம் மாற்றிவிட ஓர் ஆளும், அதே தளத்தில் சுத்தமான ஒரு டாய்லெட்டும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மீட்டிங்கில் இதைச் சத்தமாகவே கேட்க வேண்டும்.

அதனால் டப்பாவை வார்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, இட்லியோ கம்மங்கூழோ சாப்பிட்டதும் இதைக் குடிக்கிறேன், பின்னாலேயே இன்னொரு டம்ளர் தண்ணீர். உடனே படுக்கக்கூடாது, குளித்து, துணி ஊறவைத்து, அப்புறம்தான் தூக்கம். பகல் டூட்டி வாரத்திலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகேதான். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போடுங்கள், குந்தி உட்காருவதுபோல முழங்கால் மேலே வந்தால் மலக்குடல் நேராகும், சுலபமாகப் போகும்.

எதை வாங்குவது? ஒன்றும் சேர்க்காத வெறும் உமி. ருசி என்று எதுவும் இல்லை, வழுவழுப்புதான், பழகிவிடும். ஆரஞ்சு ருசியில் வருகிற பொடிகள் குடிக்கச் சுலபம், ஆனால் சிலவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது, நுரைத்துப் பொங்குகிற ரகத்தில் சோடியம் இருக்கும், பிபி இருப்பவர்கள் லேபிளைப் படிக்காமல் எடுக்க வேண்டாம். இன்னும் சிலவற்றில் நிலாவாரை கலந்திருப்பார்கள். அது குடலைத் தூண்டிவிடுகிற சரக்கு, தினமும் சாப்பிட வாங்குகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். சில்லறையாக அள்ளித் தருவதில் எனக்கு ஒருமுறை தூசியும் மண்ணும் வந்தது, அதிலிருந்து சீல் வைத்த பாக்கெட்தான் வாங்குகிறேன். ஈரம் பட்டால் கட்டிகட்டியாகிவிடும், இறுக்கி மூடுகிற டப்பாவில் போடுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்றாக வருகிற சாஷே வசதி, கணக்குப் பார்த்தால் விலை கூட.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், மாத்திரை உடம்பில் சேருவதை இது குறைத்துவிடும். நம்மில் நிறைய பேர் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போடுகிறோம், அதுவே மலச்சிக்கலைக் கூட்டும் என்பதையும் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை கேட்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாகப் பழக்கம் மாறுவது என்று இருந்தால் உமியால் சமாளித்துக்கொண்டிருக்காமல் ஓபியில் டோக்கன் போட்டுக் காட்டுங்கள், கூட வேலை பார்க்கிற டாக்டர் என்று கூச்சப்பட வேண்டாம். எனக்கு வந்த ரத்தக்கோட்டையும் காட்டி, ஃபிஷர்தான் (ஆசனவாய் வெடிப்பு) என்று உறுதி செய்த பிறகுதான் இதைத் தொடங்கினேன்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன்.