நான்கறை வீட்டில் நூறு அங்குலத் திரை: மூன்று விலையில் புரொஜெக்டர்கள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 3.4 மீட்டர். புரொஜெக்டர் வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த நீளத்தைத்தான் அளந்து பார்க்க வேண்டும். மூன்று விலைகளில் மூன்று கருவிகளோடு பழகிய பிறகு சொல்கிறேன்.

முதலில் வாங்கியது 200 வெள்ளிக் கருவி. பெட்டியில் ‘9,000 லூமன்’ என்றும் ‘4கே ஆதரவு’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 4கே என்றால் 3840×2160 புள்ளிகள். உள்ளே படத்தை உருவாக்கும் படத்தகடோ 1280×720தான். 4கே படத்தை ஏற்றுக்கொண்டு, சுருக்கிக் காட்டும் என்பதே அந்த ‘ஆதரவு’க்குப் பொருள். ஒளியின் அளவைச் சொல்லும் லூமன் கணக்கும் அப்படித்தான். முறையாக அளப்பவர்கள் திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் விழும் ஒளியின் சராசரியை எடுத்துத் திரையின் பரப்பால் பெருக்குவார்கள். அதுவே ஆன்சி லூமன். மலிவுக் கருவிகளின் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கும் திரையில் விழும் ஒளிக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை.

ஆனால் என்னை அதிகம் வருத்தியது வெளிச்சக் குறைவு அன்று. மலையாளப் படம் பார்க்கும்போது வசன வரியின் நடுப்பகுதி கூர்மையாக இருக்கும், இடக்கோடி எழுத்துகள் கலங்கும். குவிய வளையத்தைத் திருப்பினால் கோடி தெளியும், நடு கலங்கும். ஆறாம் மாதத்தில் படத்தகட்டில் தூசி படிந்து, திரையில் ஒரு வெள்ளி நாணய அளவில் சாம்பல் கறை ஒன்று நிலைத்துவிட்டது. நெருக்கக் காட்சிகளில் அது நடிகரின் கன்னத்தில் வந்து உட்காரும். திறந்து துடைக்க வழியில்லை. படுக்கையறைச் சுவரில் பிள்ளைகள் எப்போதாவது கார்ட்டூன் பார்க்க இந்த வகை போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த படி 1,500 முதல் 2,500 வெள்ளி வரை. இங்கே இரண்டு தொழில்நுட்பங்கள் மோதுகின்றன. 2019-இல் வந்த பென்கியூ டபிள்யூ2700 போன்றவை டிஎல்பி வகை. நுண்கண்ணாடிகள் நிறைந்த சில்லு ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை சற்றே நகர்த்திக் காட்டி 3840×2160 புள்ளிகளை உண்டாக்குகிறது. கூர்மையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், சிலர் கண்ணுக்கு வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் தெறிக்கும். எனக்குத் தெரிவதில்லை, என் மனைவிக்கு உடனே தெரிகிறது. ஆகவே கடையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் காட்டச் சொல்லி, வீட்டில் உள்ள எல்லாரும் கண்ணை இடமும் வலமும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எப்சன் பயன்படுத்தும் 3எல்சிடி முறையில் மூன்று வண்ணங்களும் ஒரே நேரத்தில் விழுவதால் இந்தத் தொல்லையே இல்லை. பதிலுக்கு, இந்த விலையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், காற்று வடிகட்டியையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். நாங்கள் இதைத்தான் எடுத்தோம்.

மேல்தட்டில் சோனி, ஜேவிசி. உண்மையான 4கே படத்தகடு, லேசர் ஒளி. இருட்டறையில் ஜேவிசி காட்டும் கறுப்பை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் வெளிறித்தான் தெரியும். லேசர் 20,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள், நாளுக்கு மூன்று மணி நேரமானால் 18 ஆண்டு. விளக்கு வைத்த கருவியானால், 4,000 மணி நேர விளக்கை நான்கு ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

என் மைத்துனர் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து இப்படி ஒன்றை வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை உள்ள வரவேற்பறையில் மாட்டினார். திரையில் பட்ட ஒளி கூரையில் மோதித் திரைக்கே திரும்புகிறது. எதிர் புளோக்கின் நடைபாதை விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. அவர் காசு கொடுத்து வாங்கிய கறுப்பு அங்கே சாம்பலாகிவிட்டது. பார்த்து எனக்கே மனம் கனத்தது.

நூறு அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. படச்சுருள் ஓட்டும் திரையரங்குக்கு வகுத்த ஒளி அளவு 16 ஃபுட்-லாம்பர்ட், அதாவது வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 16 லூமன். சாதாரண வெள்ளைத் திரையானால், முழு இருட்டில் இதற்கு 480 லூமனே போதும். நடுத்தர விலையில் உண்மையான 2,000 லூமன் கிடைக்கிறது, நான்கு மடங்குக்கும் மேல். எனவே வெளிச்சத்துக்காக மேலே போக வேண்டியதில்லை. கறுப்புக்காகத்தான் போக வேண்டும், அந்தக் கறுப்பைத் தருவதும் கெடுப்பதும் உங்கள் அறை. ஒளி புகாத கெட்டித் திரைச்சீலையும் நல்ல திரையும் வாங்க முதலில் பணம் ஒதுக்குங்கள். மிச்சத்தில் நடுத்தரக் கருவி வாங்குங்கள். தனி அறைக்குக் கருஞ்சாயம் பூச மனமுள்ளவர்கள் மட்டும் ஜேவிசி பக்கம் போகலாம்.

இடமும் ஒரு காரணம். நூறு அங்குலப் படத்துக்கு ஜேவிசி டிஎல்ஏ-என்இசட்7 போன்றவற்றின் வில்லை திரையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கருவியின் நீளம் இன்னும் அரை மீட்டர், எடை 20 கிலோவுக்கு மேல். எங்கள் 3.4 மீட்டரில் அது அடங்காது. டபிள்யூ2700 வகைக்கு இரண்டரை மீட்டரே போதும்.

நூறு அங்குலம் என்பது 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். காகித ஒட்டுநாடாவால் அந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் வலது ஓரம் படுக்கையறைக் கதவின் மேல் விழுந்தது. 92 அங்குலத்துக்கு இறங்கி வந்தோம்.